கரைமேல் ஒரு வெள்ளைப் புள்ளி

கருப்பம்மாளுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்துப் பதினைந்து நாள் கழித்து வீட்டுக்குப் புது டிவி வந்தது. ஐம்பத்தைந்து அங்குலம். கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டது. பழைய டிவியை முகேஷ்குமார் நாகல் நகரில் இருக்கும் தன்னுடைய மோட்டார் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய்விட்டான்.

அன்று சனிக்கிழமை. கடைக்குக் கிளம்பும் முன் முகேஷ் ரிமோட்டை வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டான்.

"சொல்லும்மா, மொத மொத என்ன படம் பாக்குற?"

"அந்தப் படம் இருக்கா பாரு."

அவர்கள் வீட்டில் 'அந்தப் படம்' என்றால் ஒரே ஒரு படம்தான். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆத்தூர் அணைக்கட்டுப் பக்கம் வந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். முகேஷ் தேடினான். போஸ்டர் வந்து நின்றது. கீழே 'புதுப்பிக்கப்பட்ட பிரதி' என்று எழுதியிருந்தது.

"அட, புதுப் பிரிண்டே போட்டுட்டாங்கம்மா. போன வாரந்தான் வந்துருக்கு."

கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்த அவன் மனைவி கௌசல்யா கையோடு எழுந்து வந்தாள். போஸ்டரைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்திவிட்டாள்.

"ஐயோ, இது நாங்க பண்ண படம்ங்க!"

கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் அவள் சென்னையில் பழைய படங்களைப் புதுப்பிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். பழைய பிலிம் சுருளை ஒவ்வொரு படமாக ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவார்கள். ஒரு வினாடிக்கு இருபத்து நான்கு படம்; பிரேம் என்பார்கள். தூசி, கீறல், பூஞ்சை, பசைக்கறை எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலானதை மென்பொருளே எடுத்துவிடும். அதற்குப் பிடிபடாததைக் கையால் அழிக்க வேண்டும். அந்தக் கைகளில் ஒன்று கௌசல்யாவுடையது. இந்தப் படத்தை எட்டு மாசம் பண்ணினார்கள். முடித்துக் கொடுத்த பிறகு உரிமைத் தகராறில் படம் முடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டாள். பிறகு கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் படத்தை மறந்தே போனாள். மாமியார் சொல்லும் 'அந்தப் படம்' இதுதான் என்றும் அவளுக்குத் தெரியாது. அவள் இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் கருப்பம்மாள் புரை விழுந்த கண்ணோடு டிவியைக் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயா பண்ணுன?" கருப்பம்மாள் நம்பாமல் பார்த்தாள். "முழுசுமா?"

"முழுசும் இல்லத்த. பத்து பேரு சேந்து பண்ணோம். அந்த அணைக்கட்டுப் பக்கம் வண்டி போற சீனு எல்லாம் என்கிட்டதான் வந்துச்சு."

கருப்பம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எங்கண்ணனப் பாத்துருப்பியே!"

"யாரத்த?"

"எங்கண்ணன் ஒச்சப்பன். கரைக்குக் கீழ கூண்டு வண்டி போகும்ல, வண்டிக்குள்ள அந்தப் பொண்ணு ஒக்காந்துருக்கும். அப்ப மேல கரையில, வலது ஓரமா, வெள்ளையா ஒரு புள்ளி ஓடும். அதுதான் எங்கண்ணன். ஷூட்டிங் ஆளுக அம்புட்டுப் பேரையும் வெரட்டி விட்டுட்டாங்க. இவன் கேக்கல. தலையில துண்டப் போட்டுக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடிட்டான். அப்பறம் அந்த டைரக்டரு வஞ்ச வசவு இருக்கே, ஊரே கேட்டுச்சு."

சொல்லும்போது அவள் சிரித்தாள். கௌசல்யாவும் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

"படம் வந்ததும் கொட்டகையில ஏழு தடவ போயிப் பாத்தான். அந்த எடம் வந்தா எந்திரிச்சு நின்னு விசிலடிப்பான். ஆத்தூர்க்காரனுக அம்புட்டுப் பேரும் கத்துவானுக. அடுத்த ரெண்டாவது மாசம் லாரியில கிளீனராப் போனான். ஒட்டன்சத்திரத்துல தக்காளி ஏத்திக்கிட்டு மலையாளத்துக்கு. மலைப்பாதையில வண்டி உருண்டுருச்சு. பத்தொம்பது வயசு." கருப்பம்மாள் மருமகளின் மணிக்கட்டை விட்டாள். "ஒரு போட்டோ இல்ல எங்ககிட்ட. எடுத்ததே இல்ல. அந்தப் புள்ளிதான்."

"புதுப் பிரிண்ட்டுல புள்ளியா இருக்காதும்மா," என்றான் முகேஷ். "மயிர்க்கால் கூடத் தெரியும். மாமா மூஞ்சியவே பாத்துரலாம்."

"மூஞ்சி தெரியுமாடா?" கருப்பம்மாள் கேட்ட விதத்தில் முகேஷே ஒரு நிமிஷம் தடுமாறினான். பிறகு, "தெரியும்மா, தெரியாமயா," என்றான். "இப்பப் போடட்டுமா?"

"வேணாம். பேச்சிய வரச் சொல்றேன். அவளும் பாக்கட்டும். நாளைக்குப் போடு."

பேச்சியம்மாள் அவளுடைய தங்கை. ஆத்தூரில் இருக்கிறாள். கருப்பம்மாள் அப்போதே போன் போட்டாள். "ஏ பேச்சி, அண்ணன் மூஞ்சி தெரியுமாம்டி!" என்று அவள் சத்தமாகச் சொல்வது கேட்டுக்கொண்டிருக்கும்போது கௌசல்யா, அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

மாடிக்குத் துணி காயப்போடுகிற சாக்கில் போனாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று போனில் அந்தப் படத்தைத் தேடி, அந்த இடத்துக்கு ஓட்டினாள். கூண்டு வண்டி வந்தது. மாடுகளின் மூக்கணாங்கயிறு தெரிந்தது. வண்டிக்குள் நாயகியின் கம்மல் மின்னியது. மேலே அணைக்கரை நீளமாக, சுத்தமாக, துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரிக் கிடந்தது. வலது ஓரத்தில் எதுவும் இல்லை.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு வியாழக்கிழமை. மாலை ஆறுக்குள் அந்த ஷாட் போக வேண்டும். வலது ஓரத்தில் கொத்தாகக் கீறல். அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளை அழுக்கு. மற்ற தூசி ஒரு பிரேமில் இருந்தால் அடுத்த பிரேமில் இருக்காது. இது மட்டும் தொடர்ந்து வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அது அவளை உறுத்தியது. பக்கத்து இருக்கையில் இருந்த இஃப்பத்திடம் கேட்கலாம் என்று திரும்பினாள். இஃப்பத் டீ குடிக்கப் போயிருந்தாள். கௌசல்யா காத்திருக்கவில்லை. அழிக்க ஆரம்பித்தாள்.

நாற்பத்தாறு பிரேம். எண்ணிக்கை கூட மறக்கவில்லை.

அன்று முழுக்க அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். ஸ்டுடியோவுக்குப் போய் அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது என்று திரும்பி வந்தாள். மறுபடி மாடிக்குப் போய், சென்னையில் இப்போது அந்தக் கம்பெனியில் குழுத் தலைவியாக இருக்கும் இஃப்பத்தைக் கூப்பிட்டாள்.

"புள்ளி ஓடுச்சா?" என்றாள் விஷயத்தைக் கேட்ட இஃப்பத். "கௌசி, அத நானும்தானே செக் பண்ணி அனுப்பினேன். எனக்கும் தெரியலையே."

"அழிக்கிறதுக்கு முன்னாடி உள்ள ஸ்கேன் இருக்குமா?"

"இருக்கும். ஆனா வெளிய குடுக்க மாட்டாங்க. ஒரு பிரேம் கூட. உனக்கே தெரியும்."

"பாக்கவாச்சும்?"

"சார்ட்ட கேட்டுப் பாக்குறேன். நீ உங்க வீட்ல சொல்லிட்டியா?"

கௌசல்யா காய்ந்த துணியை எல்லாம் மறுபடி உதறி உதறிப் போட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் மாமியாருக்குக் கண் சொட்டு மருந்து விடும்போது சொல்லலாம் என்று இருந்தாள். கருப்பம்மாள் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு, "மூஞ்சி எங்கப்பன் மாதிரி இருக்கும். மீசை அப்பத்தான் அரும்பியிருந்துச்சு. எனக்கு மறந்துபோச்சு கௌசல்யா, அதான் நெசம். நாளைக்குப் பாத்துட்டா மறக்க மாட்டேன்," என்றாள். சொட்டு மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்தது. ஒரு சொட்டு இல்லை, நான்கு சொட்டு.

ஞாயிறு காலை பேச்சியம்மாள் ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் பச்சை மொச்சையும் கொண்டு வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியும் வந்தாள். அவளுக்குப் பழைய படம் என்றால் போதும். கௌசல்யா சமையலறை வாசலில் நின்று, "முதல்ல சாப்ட்டுட்டு அப்பறம் பாக்கலாமே," என்று சொல்லிப் பார்த்தாள். "கரண்டு வேற போகுதாம்," என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழம எங்க கரண்டு போகுது? வா, வந்து ஒக்காரு," என்றான் முகேஷ்.

பதினொரு மணிக்குப் படத்தைப் போட்டார்கள். அந்த இடம் வர ஒரு மணி இருபது நிமிஷம் ஆகும் என்று கௌசல்யாவுக்குத் தெரியும். அவள் சுவர்க் கடிகாரத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். மொச்சையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். பாதியில் வைத்துவிட்டு மறுபடி எழுந்தாள்.

"என்னம்மா நீ, தரிக்கவே மாட்டேங்கிற," என்றாள் ரம்ஜான் பீவி. "மாசமா இருக்கியா?"

"இல்லங்கம்மா."

படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. நெற்கதிர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. கிழவனாக வேஷம் போட்டவனின் ஒட்டுமீசை ஓரத்தில் பசை காய்ந்திருப்பது கூடத் தெரிந்தது. பேச்சியம்மாள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

"இம்புட்டுச் சுத்தமா எப்பிடித்தா பண்ணுன? கையா, மிஷினா?" என்று ரம்ஜான் பீவி கேட்டாள்.

"என் மருமக ஒரு தூசி விட மாட்டா," என்றாள் கருப்பம்மாள். அவள் புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். மூன்றாவது தடவையாகத் துடைக்கிறாள்.

அணைக்கட்டு வந்தது. பேச்சியம்மாள் தரையில் முன்னால் நகர்ந்தாள். கருப்பம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். வண்டி உருண்டது. பாட்டின் முதல் வரி முடிந்தது. வண்டி போய்விட்டது. அடுத்த காட்சி வந்தது.



"தப்பிருச்சு. திருப்பிப் போடு," என்றாள் கருப்பம்மாள்.

முகேஷ் திருப்பிப் போட்டான். மறுபடி வண்டி வந்தது, போனது. இன்னொரு தடவை போட்டான். கருப்பம்மாள் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றாள். கரையின் வலது ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இந்தா இங்க, இந்த எடத்துல," என்றாள். முகேஷ் அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தான். விரலுக்கு அடியில் வானம்தான் இருந்தது.

அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"முகேசு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்டா. ஆபரேசன் சரியாப் பண்ணலபோல. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"எனக்கும்தான் தெரியலக்கா," என்றாள் பேச்சியம்மாள்.

"உனக்கு அப்ப அஞ்சு வயசு. உனக்கு என்ன தெரியும்?"

"நான் பெறகும் பாத்துருக்கேன்ல." பேச்சியம்மாள் இழுத்தாள். "அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. கொட்டகையில ரீல்ல தூசி கீசி ஒட்டியிருந்துருக்குமோ? இப்பச் சுத்தம் பண்ணவும் போயிருச்சோ என்னமோ. அண்ணன் சொல்லுச்சுன்னு நாமளும்…"

கருப்பம்மாள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அப்ப அம்பது வருசமா நான் தூசியவா பாத்துக்கிட்டு இருந்தேன்?"

சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற கௌசல்யாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தூசி இல்லத்த," என்றாள். "அங்க இருந்துச்சு. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் அழிச்சிட்டேன்."

முகேஷ் ரிமோட்டைக் கீழே வைத்தான். கௌசல்யா வியாழக்கிழமையையும், கீறலையும், டீ குடிக்கப் போன இஃப்பத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். நேற்றே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது ரம்ஜான் பீவி, சாம்பார் அடுப்பில் இருப்பதாக முணுமுணுத்துவிட்டு எழுந்து போனாள்.

கருப்பம்மாள் கத்துவாள் என்று கௌசல்யா எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"எப்பிடி அழிச்ச? ஒரேயடியாவா?"

"இல்லத்த. ஒவ்வொண்ணா. நாப்பத்தாறு படம்."

"நாப்பத்தாறும் நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பெருசு பண்ணிப் பாத்தியா?"

"ஆமாத்த. பெருசு பண்ணாத்தான் அழிக்க முடியும்."

கருப்பம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப மூஞ்சி தெரிஞ்சுச்சா?"

தெரிந்தது என்று சொல்லிவிடலாம். மீசை அரும்பியிருந்தது, சிரித்துக்கொண்டே ஓடினார் என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. உலகத்தில் அவனை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கௌசல்யாவின் நாக்கு நுனி வரை அது வந்தது.

"தெரியலத்த. வெள்ளையா இருந்துச்சு. அதுக்குக் கீழ கறுப்பா ரெண்டு கோடு. நான் அழுக்குன்னு நெனச்சுட்டேன்."

"கோடு இல்ல," என்றாள் கருப்பம்மாள். "அது காலு."

சாயங்காலம் தங்கையோடு அவளும் கிளம்பிவிட்டாள். "ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்," என்று மகனிடம் மட்டும் சொன்னாள். சொட்டு மருந்தைக் கௌசல்யா எடுத்துக் கொடுத்தபோது வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் பன்னிரண்டு நாள் ஆனது. முகேஷ் முதல் நாள், "வேலைன்னா தப்பு வரத்தான் செய்யும். நான் வயரு மாத்திச் சுத்தி எத்தன மோட்டாரப் பொசுக்கியிருக்கேன்," என்று சொன்னான். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "செத்த நேரம் பொறுத்துக் கேட்டுருக்கலாம்ல நீ?" என்றான்.  கௌசல்யா தினமும் ஆத்தூருக்குப் போன் செய்தாள். பேச்சியம்மாள்தான் எடுத்தாள். "அக்கா தோட்டத்துல இருக்குத்தா," என்பாள். பின்னால் கருப்பம்மாளின் இருமல் கேட்கும்.

ஸ்டுடியோவிலும் அவளுக்குக் கை ஓடவில்லை. சின்னாளபட்டிக் கல்யாணம் ஒன்று. பெண்ணின் தாடையில் ஒரு மச்சம். வழக்கமாக இந்த மாதிரி எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் எடுத்துவிடுவாள். இப்போது பெண் வீட்டுக்குப் போன் போட்டு, மச்சத்தை வைக்கவா எடுக்கவா என்று கேட்டாள். அடுத்த ஆல்பத்தில் மாப்பிள்ளையின் நெற்றித் தழும்புக்கும் கேட்டாள். முதலாளி வந்து, "என்னம்மா, ஒவ்வொரு பருவுக்கும் ஆளக் கூப்புட்டுக் கேட்டுக்கிட்டா வேலை என்னைக்கு முடியும்?" என்று சலித்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் இஃப்பத் கூப்பிட்டாள்.

"சார் ஒத்துக்கிட்டாரு. போன் கொண்டு வரக் கூடாது, காப்பி கேக்கக் கூடாது. காலைல ஷிப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம். நீ மட்டும் வரியா?"

"அத்தையக் கூட்டிட்டு வாரேன்," என்றாள் கௌசல்யா. சொன்ன பிறகுதான் மாமியார் வருவாளா என்று யோசித்தாள்.

ஆத்தூருக்கு பஸ் ஏறினாள். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் கருப்பம்மாள் சின்ன வெங்காயத்தைப் பரப்பிப் போட்டு அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும், "வா," என்றாள். அவ்வளவுதான். கௌசல்யா எதிரில் உட்கார்ந்து தானும் வெங்காயம் பொறுக்கினாள்.

"அத்த, அழிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது சென்னையில இருக்கு. பாக்க விடுறாங்களாம். வர்றீங்களா?"

கருப்பம்மாள் கையில் இருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதுல மூஞ்சி தெரியுமா?"

"தெரியாதத்த. நான் அன்னைக்குச் சொன்னதுதான். இருந்தாலும் வேற யாராச்சும் பாக்குறத விட நீங்க பாத்தா ஏதாச்சும் தெரியலாம்."

"எப்ப ரயிலு?" என்றாள் கருப்பம்மாள்.

காலை ரயிலில் போனார்கள். ஏழு மணி நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்த கருப்பம்மாள், விழுப்புரம் தாண்டும் வரை பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டாள். அன்று இஃப்பத் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு கம்பெனிக்குப் போனார்கள். ஜன்னல் இல்லாத, குளிர் நிறைந்த அறை. கருப்பம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இஃப்பத் பெரிய திரைக்கு முன்னால் அவளுக்கு நாற்காலி போட்டாள்.

படம் வந்தது. மழை பெய்கிற மாதிரிக் கீறல். வெள்ளைத் திட்டும் கறுப்புத் திட்டும் மின்னின. கூண்டு வண்டி வந்தது. வலது ஓரத்தில் வெள்ளைப் புள்ளி ஓடியது.

"இந்தா," என்றாள் கருப்பம்மாள் மெதுவாக. "இருக்கான்ல."

இஃப்பத் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். புள்ளி துண்டானது. துண்டுக்குக் கீழே இரண்டு கால்கள். ஒரு கை மேலே போயிருந்தது, துண்டைப் பிடித்துக்கொள்வதற்காக. தலை இருந்தது. ஆனால் தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

இஃப்பத் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினாள். கால் மாறியது. கை இறங்கியது. தலை திரும்பவில்லை.

"திரும்புடா," என்றாள் கருப்பம்மாள் திரையைப் பார்த்து. "டேய், ஒரு தடவ இங்கிட்டுத் திரும்பேன்டா."

நாற்பத்தாறும் முடிந்தது. இஃப்பத் கௌசல்யாவைப் பார்த்தாள். கௌசல்யா சுவரைப் பார்த்தாள். கருப்பம்மாள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "மறுக்கா போடுத்தா," என்றாள்.

இரண்டாவது தடவை போகும்போது அவள் கையை நீட்டினாள்.

"நிறுத்து. அது என்ன, அவன் பின்னாடி? கறுப்பா?"

"கீறலா இருக்கும்மா," என்றாள் இஃப்பத்.

"கீறல் இல்ல. நீ பெருசு பண்ணு."

பெரிதாக்கினாள். கரையோடு ஒட்டி, நிறத்தில் கரையைப் போலவே, தாழ்வாக ஒன்று. அடுத்த பிரேமில் அதற்கு நான்கு கால் தெரிந்தது. வால் தெரிந்தது.

"செவலை!" கருப்பம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "ஆத்தாடி, எங்க செவலைடி இது! நான் அதை மறந்தே போனேனே. அவன விட்டு ஒரு நிமிசம் பிரியாது. லாரியில அவன் ஏறுன அன்னைக்குப் பின்னாலயே ஓடுச்சு, செம்பட்டி வரைக்கும் ஓடுச்சுன்னாங்க. மறுநாள் காலெல்லாம் புண்ணா வந்து படுத்துச்சு." அவள் கௌசல்யாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நாய அழிச்சியா நீ?"

"நான் நாயப் பாக்கவே இல்லத்த."

இஃப்பத் அந்த ஷாட்டின் முடிந்த பிரதியையும் திறந்தாள். துடைத்து வைத்த கரை. பெரிதாக்கியபோது அதன் விளிம்பில் சின்னதாகக் கறுப்பாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் யாரும் இல்லை. கருப்பம்மாள் அதை நான்கு தடவை போடச் சொன்னாள். பிறகு வெளியே ஷிப்ட் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது.

புள்ளியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கௌசல்யா கேட்டாள். எழுதி அனுப்புகிறேன், படத்துக்காரர்கள் சம்மதித்தால்தான் பிரதியை மாற்ற முடியும் என்றாள் இஃப்பத். எத்தனை நாள் ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானம் ரயில் ஏறினார்கள். செங்கல்பட்டு தாண்டியதும் கருப்பம்மாள், "கௌசல்யா," என்று கூப்பிட்டாள். "எனக்கு இன்னும் கோவம் போகல. சொல்லிட்டேன்."

"தெரியும்த்த."

"பசிக்குது. அந்தப் புள்ள என்ன கட்டிக் குடுத்துச்சு?"

எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் இருந்தன. இருவரும் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு கருப்பம்மாள் ஆத்தூருக்குத் திரும்பிப் போகவில்லை. திண்டுக்கல் வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் உட்பட, உட்கார வைத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டுகிறாள். ரிமோட்டை இயக்க முகேஷிடம் கற்றுக்கொண்டாள்.

"இந்தா, கரையில பாரு. சின்னதா ஓடுதா? நாயி. அதுக்கு முன்னால எங்கண்ணன் ஓடுறான்."

"காணமேம்மா?"

"என் மருமக அழிச்சிட்டா."

குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. கௌசல்யா அங்கேயேதான் இருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உடம்பு கூசும். டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். டீத்தூளைப் போட்டுவிட்டு, மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாளா என்று காது கொடுத்து நிற்பாள். இஃப்பத்திடமிருந்து பதில் வந்ததா என்று கருப்பம்மாள் வாரம் ஒரு தடவை கேட்பாள். வரவில்லை என்று இவள் சொல்வாள்.

போன வெள்ளிக்கிழமை ரம்ஜான் பீவியின் மகள் ரிஃபாத் ஊரிலிருந்து வந்திருந்தாள். கருப்பம்மாள் படத்தைப் போட்டாள். நாயைக் காட்டினாள். அண்ணனைச் சொன்னாள். மருமகளைச் சொன்னாள்.

"எத்தனன்னு சொன்ன?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள். "நாப்பத்தஞ்சா, நாப்பத்தாறா?"

கௌசல்யா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"நாப்பத்தாறுத்த," என்றாள். ரிஃபாத்துக்கு இடம் தெரியவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, "இங்க தொடங்கி இதுவரைக்கும் ஓடுவாரு," என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.